குளிர்த்தியும் குளிர்காலமும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் விழாக்களின் பருவம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

மட்டக்களப்பின் விழாக்களைப் பற்றி எழுதப்புகுந்தோர் பலர் அவ்விழாக்களின் பட்டியலைத் தந்துள்ளனர். எம்மாதத்தில் எது நிகழும் என்பதையும் குறித்துள்ளனர். அது ஏன் அம்மாதத்தில் நிகழ்கிறது என்ற வினா அவர்களிடையே அரிதாகவே எழுந்துள்ளது. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மாவட்ட விவரண நூலும், வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) என்ற நூலும் தரும் தரவுகள் பெறுமதி மிக்கவை. ஆயினும் அத்தரவுகளை மழைவீழ்ச்சி, நெற்செய்கை, மீன்பிடி, கடன், கூலி என்பவற்றோடு அருகருகே வைத்து நோக்கும்பொழுதுதான் விழாவின் பருவம் இயற்கை வகுத்த ஒன்றா, உற்பத்தி உறவுகள் வகுத்த ஒன்றா என்ற வினா தெளிவு பெறுகின்றது. இவ்வினாவை எழுப்புவதற்கு இன்று தனியானதொரு நியாயமும் உண்டு. கல்குடா, பாசிக்குடாக் கரைகளில் உல்லாசப் பிரயாணத்துறை நிலைகொண்டதிலிருந்து ‘சீசன்’ என்ற சொல் இப்பிரதேசத்தின் பேச்சுவழக்கில் வேரூன்றிவிட்டது. யாருடைய ஓய்வைக் கொண்டு அந்தப் பருவம் அளக்கப்படுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பிய மரபில் குளிர்காலம் என்பது விழாக்காலம். வயலில் வேலையற்ற, களஞ்சியம் நிறைந்த, நீண்ட இரவுகள் கொண்ட அக்காலத்திலேயே நத்தாரும் அதனையொட்டிய கொண்டாட்டங்களும் அமைந்தன. மட்டக்களப்பிலும் ‘குளிர்’ என்ற சொல்லோடு பிணைந்த பெருவிழா ஒன்று உண்டு. ஆனால் அது நிகழ்வது வைகாசியில். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களிற் கதவு திறத்தலோடு தொடங்கும் சடங்கு, திருக்குளிர்த்தியோடு நிறைவெய்துகின்றது. மதுரையை எரித்த பின்னரும் தணியாத தெய்வத்தின் சினத்தைக் குளிரச் செய்தல் என்பதே அதன் பொருள். கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கும், குளங்கள் வற்றும், அம்மை நோய்கள் பரவும் காலம் அது. ஆக, எமது உழவனுக்குக் குளிர் என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பருவமன்று. வேண்டிப் பெற வேண்டிய ஒரு பேறு. மார்கழியில் அது தானாகவே வருகின்றது. எனவே மார்கழியில் விழா இல்லை. இந்த விளக்கம் கவர்ச்சியானதுதான். எனினும் அது பாதி விளக்கம் மட்டுமே. மீதிப் பாதி வயலிற் கிடக்கின்றது.

பிரதேசத்தின் அமைப்பை இங்குச் சுருக்கமாகக் கூறுதல் அவசியமாகும். தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கடலோரத்திற்குச் சமாந்தரமாக வாவி கிடக்கின்றது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரை எழுவான்கரை. மேற்கே விரிந்து கிடக்கும் வயற்பரப்பு படுவான்கரை. குடிசன நெருக்கம், பாடசாலை, சந்தை, அலுவலகம் ஆகியன முன்னையதில். நெல்லும் மாட்டுப்பட்டியும் காடும் பின்னையதில். ஆண்டு முழுவதிலும் பெய்யும் ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையான வாடைக்காலத்தில் விழுந்து தீர்ந்துவிடுகின்றது. எஞ்சிய மாதங்கள் பெரும்பாலும் கோடை. தொல்காப்பியர் வகுத்த பெரும்பொழுதுகளை மனப்பாடஞ் செய்த எமது மாணவருக்கு இது ஒரு சங்கடத்தைத் தோற்றுவிப்பதுண்டு. உரைகாரர் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்பர். படுவான்கரையிலோ அவை வயல் வெடித்துக் கிடக்கும் மாதங்கள். இலக்கணத்தின் பருவத்தையும் நிலத்தின் பருவத்தையும் ஒன்றெனக் கொள்ளும் பழக்கம் நாட்டார் வழக்காற்றியலில் விளைவித்த குழப்பங்கள் தனியே எழுதப்பட வேண்டியவை.

மாரி வெள்ளாமையின் ஒழுங்கு இவ்வாறு அமைந்தது. புரட்டாசியில் வரம்பு கட்டி, நிலத்தைப் புழுதியாக்கி, முதல் மழையை எதிர்பார்த்து அல்லது அதனை அடுத்து விதைப்பர். பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலின் பதினெட்டு நாட் சடங்கும் தீமிதிப்பும் புரட்டாசியில் நிகழ்வதை இங்கு நினைவுகூரலாம்: உழைப்புக்குள் இறங்குவதற்கு முந்திய கடைசிப் பெரிய கூடல் அது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம், மண்டூர் முருகன் கோயில் உற்சவம், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரோட்டம் ஆகிய பெருவிழாக்கள் யாவும் அதற்கு முன்னரோ அதனை ஒட்டியோ முடிந்துவிடும். அதன் பின்னர் வயல். களை பிடுங்குதல் பெண்களின் வேலை. நீர் கட்டுதலும் வடித்தலும் வட்டை விதானையின் மேற்பார்வையில் ஆண்களின் வேலை. கதிர் வந்ததும் பன்றிக்கும் யானைக்கும் எதிராகப் பரணில் இரவுக்காவல். குடும்பத் தலைவன் ஊரில் இல்லை; வயல் வாடியில் இருக்கிறான். மார்கழி இரவில் நெருப்பு மூட்டிப் பரணிற் பாடப்படும் கவி தனிமையின் பாடலாயிருப்பதிற் புதுமை யாது?

இக்காலத்தின் இன்னொரு பண்பைப் பண்பாட்டு ஆய்வாளர் பெரும்பாலும் கவனிக்காது விடுகின்றனர். வேலை உச்சத்தில் இருக்கும் இம்மாதங்களே உணவு குறைந்த மாதங்களுமாம். சென்ற மாசியில் வந்த நெல் தீர்ந்து, வரும் மாசியில் வரவேண்டிய நெல் பச்சைப் பயிராக நிற்கும் இடைக்காலம் இது. போடியாரிடம் நெல் கடனாகப் பெற்று, சூடு அடிக்கும் நாளில் அதனைக் கூட்டித் திருப்பிக் கொடுத்தல் முல்லைக்காரனின் வழக்கமாயிருந்தது. அவன் களத்திற்கு வந்து சேரும்பொழுது அவனது பங்கின் ஒரு பகுதி முன்னரே உண்ணப்பட்டிருக்கும். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வயல் வழக்காறுகளுக்குச் சட்டவலு அளித்தது. 1892இல் தானிய வரி நீக்கப்பட்டது. இவ்விரண்டும் உழவனின் சுமையைக் குறைத்தன எனப் பாடநூல்கள் கூறும். ஆனால் வழக்காறு சட்டமாகும்பொழுது அவ்வழக்காற்றினுள் அதிகாரம் செலுத்தியவனின் கையே வலுப்பெறுகின்றது என்பது மறக்கற்பாலதன்று.

மழையின் இன்னொரு முகம் வெள்ளம். பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்தில், 1913இல் எழுப்பப்பட்ட வெளிச்சவீட்டின் அருகே, வாவி கடலோடு சேருமிடத்தைக் கோடையில் மணற்றிடல் அடைத்துவிடும். மாரியில் நீர்மட்டம் உயர்ந்து படுவான்கரை வயல்கள் மூழ்கத் தொடங்கும்பொழுது அதனை வெட்டித் திறக்க வேண்டும். ‘ஆற்றுவாய் வெட்டுதல்’ எனப்படும் இச்செயல் ஒரு பொறியியற் பிரச்சினை போலத் தோன்றினும், உள்ளே ஒரு சமூக முரண்பாட்டைக் கொண்டது. பயிரைக் காக்க விரைந்து வெட்டவேண்டும் என்பர் வயற்காரர். இறாலும் மீன்குஞ்சும் வளரும் நீர் வடிந்துவிடும். காலமறிந்து வெட்டவேண்டும் என்பர் வாவியில் வீச்சுவலையும் கரப்பும் அத்தாங்குமாக வாழ்வோர். தீர்மானம் அரசாங்க அதிபரின் கையில். இரு பகுதியினரும் அவரிடம் மனுக்கொடுத்துக் காத்திருந்த மார்கழிகள் பல. 1957 டிசெம்பர் வெள்ளம் போன்ற பேரிடர்களில் இவ்விவாதமே பொருளற்றுப் போனதும் உண்டு. 2011 ஜனவரியிலும், அறுவடையை அண்மித்து நின்ற வயல்களின் மீது, அதே நிலைமை திரும்பி வந்தது.

இத்தகைய மாதங்களிற் கூட்டுவிழா சாத்தியமற்றது. சாத்தியமானது வீட்டிற்குள்ளும் சிறு கோயிலின் திண்ணையிலும் நிகழக்கூடிய வழிபாடு. திருக்கார்த்திகை விளக்கீடு, பிள்ளையார் கதைப் படிப்பு, திருவெம்பாவை ஆகியன இவ்வகையின. இவை வாசிப்பும் நோன்பும் சார்ந்தவை. அதிக பொருட்செலவும் ஆட்கூட்டமும் வேண்டாதவை. உணவு குறைந்த காலத்தில் நோன்பு முதன்மை பெறுவது தற்செயலானதன்று என்று கூறின், பக்தர்கள் வருந்தலாம். வரலாற்று மாணவன் அதைக் கூறாதிருத்தல் இயலாது. தைப்பொங்கலும் இப்பிரதேசத்திற் பல ஆண்டுகளிற் கதிர் முற்றுவதற்கு முன்னரே வந்துவிடுகின்றது. அதனாலேயே, பொங்கலைக் காட்டிலும் புதிர் எடுத்தலும் களவெட்டியும் உழவனின் உண்மையான திருநாட்களாயிருந்தன.

களவெட்டி, அதாவது சூடு அடிக்கும் களம், தனியே நின்று நோக்கத்தக்கது. அறுத்த உப்பட்டிகளைச் சூடாக வைத்து, எருமைகளைப் பிணைத்து, இரவு முழுவதும் நிலவொளியில் மிதிக்கவிடுவர். பொலிப்பாட்டு இவ்விடத்துக்குரியது. களத்தினுள் அன்றாடச் சொற்களை விடுத்துக் களத்திற்கேயுரிய ஒரு குழூஉக்குறி பேசப்பட்டது. விளைவு பெருகுக என்ற விழைவிலும் கண்ணூறு பற்றிய அச்சத்திலும் பிறந்த மொழி அது. கைலாசபதியின் ஆசிரியராயிருந்த ஜோர்ஜ் தொம்சன், கிரேக்க நாடகத்தின் தோற்றத்தை உழைப்பு, சடங்கு, பாடல் என்பவற்றின் இணைப்பில் தேடினார். அவர் ஒரு களவெட்டி இரவைக் கண்டிருப்பாராயின் மகிழ்ந்திருப்பார். ஆயினும் களத்தைக் கூட்டுறவின் படிமமாக மட்டும் கண்டு நின்றுவிட முடியாது. பொலி தூற்றி முடிந்ததும் அதே களத்தில் நெல் பிரிக்கப்பட்டது. போடியாரின் பங்கு, விதைநெல், கடன், கோயிலுக்குரியது, சலவைத் தொழிலாளி, முடிதிருத்துவோன், பறை முழக்குவோன் ஆகிய ஊழியக் குடிகளுக்குரியது என அளந்து அகற்றிய பின்னர் எஞ்சியதே உழைத்தவனுக்குரியது. பாடியவனும் பங்கு குறைந்து வீடு திரும்பியவனும் ஒருவனே என்பதை மறந்து பொலிப்பாட்டைச் சேகரிக்க முடியும், விளக்க முடியாது.

களம் முடிந்த பின்னரே கூத்து. மாசி, பங்குனி மாதங்களில் அண்ணாவியார் அழைக்கப்படுவார். பாத்திரங்கள் பகிரப்பட்டுச் சட்டம் கொடுக்கப்படும். மாலைகளில், பகல் வேலை அற்ற அல்லது குறைந்த அந்நாட்களில், வட்டக்களரியில் ஆட்டம் பழக்கப்படும். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்ற படிகளைக் கடந்து, பூரணையை ஒட்டிய ஓரிரவில் அரங்கேற்றம் நிகழும். வடமோடியாயின் பெரும்பாலும் பாரதப்போர். தென்மோடியாயின் ஆட்டமும் இசையும் வேறு. மாதக்கணக்கில் ஊரே பங்கெடுத்த இக்கலைக்கு வேண்டிய மூலதனம் இரண்டு: ஒன்று, அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையேயுள்ள நீண்ட ஓய்வு, மற்றையது, அண்ணாவியாருக்கும் உடுப்புக்கும் செலவிடக்கூடிய உபரி நெல். முன்னையது மாரியின் கொடை. பின்னையது போடியாரின் களஞ்சியத்திலிருந்து வந்தது. மேடையில் அரசர்கள் கொலுவிருப்பதும் வரவில் நீண்ட புகழ்ச்சி பெறுவதும் அக்களஞ்சியத்தை நோக்கி நிற்பவையே. சமூகப் படிநிலையில் அடித்தளத்தே வைக்கப்பட்டோர் தமக்குரிய பறைமேளக் கூத்தைத் தனியே பேணினர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். வசந்தன் கூத்தும், சித்திரையை ஒட்டிய ஊஞ்சலும் மகிடியும், இறுதியில் வைகாசிக் குளிர்த்தியுமாக இவ்விழாத் தொடர் செல்லும். வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டுபட்டு நிகழ்த்தும் கொம்பு விளையாட்டு, மழை பொய்த்த ஆண்டுகளில் மழை வேண்டியும் நிகழ்த்தப்பட்டது. சிங்களக் கிராமங்களிற் பத்தினி தெய்வத்துக்குரிய ‘அங்கெலிய’ இதன் உடன்பிறப்பு என்பதை இன்றைய இனவாதச் சூழலில் அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

இவ்வாறு நெல் வகுத்த நாட்காட்டியின் மீது காலனித்துவம் இன்னொரு நாட்காட்டியைப் பொருத்தியது. 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து புளியந்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினர். 1814இல் மெதடிஸ்த மிசனரியான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பை வந்தடைந்தார். 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. பாடசாலை, கச்சேரி, நீதிமன்றம் என்பவற்றோடு டிசெம்பர் விடுமுறையும் வந்தது. நத்தாரும் ஆங்கிலப் புதுவருடமும் புளியந்தீவிலும் எழுவான்கரைக் கரையோரத் தேவாலயங்களிலும் விளக்கேற்றிய அந்த வாரத்தில், வாவிக்கு அப்பால் முல்லைக்காரன் இடுப்பளவு நீரில் வரம்பைக் காத்து நின்றான். ஒரே வாவியின் இரு கரைகளில் இரு காலங்கள் நிலவின. எட்வேர்ட் தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில் வேலையால் அளக்கப்படும் காலத்தையும் கடிகாரத்தால் அளக்கப்படும் காலத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். அவ்வேறுபாடு இங்குப் பல்லாண்டுகளாகத் தோணிப் பயணத்தால் மட்டும் பிரிக்கப்பட்டிருந்தது. குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து வரும் உள்ளான் குருவியையும் வாத்தையும் வேட்டையாட வயலுக்கும் குளத்துக்கும் இறங்கிய வெள்ளை அதிகாரிகளே இப்பிரதேசத்தின் முதல் ‘குளிர்கால உல்லாசப் பயணிகள்’ எனலாம். அவர்களுக்கு முன்னரே ஆண்டுதோறும் வந்த அப்பறவைகளைக் கணக்கில் எடாவிட்டால்.

நகரின் டிசெம்பர் கொண்டாட்டத்தை மேட்டுக்குடியின் கொண்டாட்டமாக மட்டும் கொள்வது தவறாகும். மட்டக்களப்புப் பறங்கியரிற் பெரும்பாலோர் தச்சு, கொல்லு, சப்பாத்து, தையல் முதலிய கைவினைகளில் வாழ்ந்த உழைப்பாளிகள். போர்த்துக்கேயர் ஆட்சி நீங்கி மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அவர்களிற் சிலர் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை வீட்டிற் பேசினர். கென்னத் டேவிட் ஜாக்சன் அம்மொழியின் பாடல்களை ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். பட்டறைகள் மூடப்படும் நத்தார், புதுவருட நாட்களில் வயலினும் கித்தாரும் மேளமுமாகக் கப்ரிஞ்ஞா இசையும் ஆட்டமும் நிகழும். உழவனின் ஓய்வு மாசிக்குப் பின்னர் வருவது போல, கைவினைஞனின் ஓய்வு நகர அலுவலகங்கள் மூடும் டிசெம்பரில் வந்தது. விழா உழைப்பின் இடைவெளியைத் தொடர்கின்றது என்ற எமது கருத்துக்கு இது ஒரு புறநடையன்று, நல்ல சான்று. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களின் நிலை இதனின்று வேறுபட்டது. அவர்களின் பெருநாட்கள் சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ஆண்டுக்குப் பதினொரு நாளளவில் முன்னகர்ந்து எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. 2000ஆம் ஆண்டில் நோன்புப் பெருநாள் நத்தாரை அடுத்த ஓரிரு நாட்களில் வந்தது. வயலில் முஸ்லிம் உழவரும் தமிழ் உழவரும் ஒரே மாரியையே எதிர்கொண்டனர். எனினும் ஒருவரின் சமய நாட்காட்டி அம்மாரியோடு இணைந்தது, மற்றவருடையது இணையாதது. பயிர்ப்பருவத்தைக் கொண்டு எல்லா விழாக்களையும் விளக்கிவிட முடியும் என்ற இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதத்துக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

இனி, பழைய விழாத்தொடர் குலைந்த முறையைக் காண்போம். 1949இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டமும், உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் முதலிய குளங்களின் விருத்தியும் சிறுபோகச் செய்கையை விரிவாக்கின. சித்திரையில் மீண்டும் உழவு. அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையேயிருந்த மாதங்கள் வாரங்களாயின. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனின் உரிமையைக் காக்க முனைந்தது. அதனைத் தவிர்க்க நிலவுடைமையாளர் பலர் உழவனை நாட்கூலியாக மாற்றினர். எருமைகளின் இடத்தை உழவு இயந்திரமும், பின்னர் வெட்டி அடித்துத் தூற்றித் தரும் பெரிய மெசினும் பிடித்தன; களவெட்டியின் மொழி, பேசுவோர் இருக்கவே பேசும் இடமின்றிப் போயிற்று. இக்காலத்திலேதான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) ஆகியவற்றின் வழியாகக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். அதனால் இக்கலை பெற்ற மதிப்பு பெரிது. அதனை எவரும் மறுக்கார். ஆயினும் விடியும்வரை நீண்ட கூத்து சில மணி நேரத்துள் அடங்கியதும், மாசி நிலவை விட்டுப் பல்கலைக்கழகத் தவணையோடு இணைந்ததும் கலைக்கோட்பாட்டினால் மட்டும் நிகழ்ந்தவையல்ல. கிராமத்தில் அதற்குரிய காலம் சுருங்கிக்கொண்டிருந்த வேளை அது. பின்னர் வந்த யுத்தம் இரவையே பறித்துக்கொண்டது. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் நிலவிய காலத்தில் விடிய விடிய ஆடுதல் எங்ஙனம்? 1987 ஜனவரி இறுதியில் மகிழடித்தீவு இறாற்பண்ணைத் தொழிலாளரும் அயற்கிராமத்தவரும் விசேட அதிரடிப் படையினராற் கொல்லப்பட்டது, வழமையான ஆண்டாயின் களங்கள் செப்பனிடப்படும் நாட்களிலாகும். 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையிற் கூத்து மீளுருவாக்க முயற்சி தொடங்கியபொழுது, கதையையும் பாத்திரங்களின் நிலையையும் ஊர்மக்களே விவாதித்து மாற்ற முற்பட்டனர். அரசர் வரவின் நீண்ட புகழ்ச்சி அவ்விவாதத்துக்கு உட்பட்டதைப் போடியாரின் களஞ்சியம் வற்றிய பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

பாசிக்குடாவின் வரலாறு இவ்விடத்தில் வந்து இணைகின்றது. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதிலிருந்து கல்குடா வெளியூரார் எளிதில் அடையக்கூடிய கரையாயிற்று. முருகைக் கற்பாரினாற் காக்கப்பட்டு, நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவைத் தாண்டாத நீரையுடைய குடா அது. 1966இல் இலங்கை உல்லாசப் பிரயாணச் சபை நிறுவப்பட்டது. அடுத்து வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டம் கிழக்குக் கரையையும் அபிவிருத்திக்குரிய வலயங்களுள் ஒன்றாகக் கொண்டது. 1966இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 18,969 பேர். 1982இல் 407,230 பேர். இவ்வளர்ச்சியின் அச்சாணி ஐரோப்பியத் தொழிலாளியினதும் நடுத்தர வர்க்கத்தினதும் குளிர்கால விடுமுறை. நவம்பர் முதல் ஏப்பிரில் வரை அவர்கள் பெந்தோட்டைக்கும் ஹிக்கடுவைக்கும் செல்வர். ஏனெனில் அப்போது தென்மேற்குக் கடல் அமைதியானது. கிழக்கிலோ அதே மாதங்களில் வாடை, மழை, வெள்ளம். இயற்கையின் இந்த மாறுபாட்டை மூலதனம் ஒரு வாய்ப்பாகக் கண்டது. ஒரு கரையின் பருவம் முடியும்பொழுது மறுகரையின் பருவத்தைத் தொடங்கி, ஆண்டு முழுவதும் ஹோட்டல்களை நிரப்பலாம் என்பதே அக்கணக்கு. ஆகவே பாசிக்குடாவின் ‘சீசன்’ ஏப்பிரிலில் தொடங்கிச் செப்டெம்பரில் முடிகின்றது. டிசெம்பரில் கொழும்பிலிருந்து பாடசாலை விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்காகவும் ஆண்டிறுதி விருந்துகளுக்காகவும் விளக்குகள் கட்டப்படுவதுண்டு. ஆனால் அது பருவமற்ற காலத்தின் வியாபாரம்.

1978 நவம்பர் 23ஆந் திகதிப் புயலில் மாவட்டத்தின் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. 1983க்குப் பின்னர் பயணிகள் வரவில்லை. யுத்தத்தில் ஹோட்டல்கள் இடிந்த சுவர்களாயின. 2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை. மூன்று நாட்காட்டிகளும் ஓய்வு என்று குறித்திருந்த அக்காலையில் ஆழிப்பேரலை வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி ஏறத்தாழ அழிந்தது. எஞ்சியோர் பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டனர். டச்பார்ப் பகுதியின் பறங்கியர் குடியிருப்பும் அழிவுற்றது. அவ்வாண்டின் பின்னர் எழுவான்கரையில் நத்தாரும் நினைவஞ்சலியும் ஒரே வாரத்துக்குரியவையாயின. வேறெந்தச் சமூக மாற்றமும் இப்பிரதேசத்தின் டிசெம்பரை இவ்வளவு விரைவாக மாற்றியதில்லை.

2007இல் கிழக்கிலும் 2009இல் நாடு முழுவதிலும் யுத்தம் முடிந்தது. 2011 முதல் பாசிக்குடாவில் நட்சத்திர விடுதிகள் வரிசையாக எழுந்தன. 2016இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை விருந்தோம்பலும் விலக்கலும் சேர்ந்த ஒரு நிகழ்வாக விவரித்தது. உள்ளூரவர் பெற்ற வேலைவாய்ப்பின் சிறுமையையும் மீனவர் கரையைப் பயன்படுத்துவதில் எதிர்கொண்ட இடையூறுகளையும் அது எடுத்துக்காட்டியது. இவ்விடையூற்றின் வேர் பருவத்தில் உள்ளது என்பதே எமது கருத்து. கரைவலை இழுப்பதற்கும் படகு தள்ளுவதற்கும் அமைதியான கடல் வேண்டும். நீராடுவதற்கும் அதே கடல் வேண்டும். பங்குனிக்கும் புரட்டாசிக்கும் இடைப்பட்ட மாதங்களே மீனவன் ஆண்டின் வருவாயைத் தேடும் மாதங்கள்; மாரியில் முதலாளியிடம் பெற்ற முற்பணத்தை அவன் அடைப்பதும் அப்போதுதான். அதே மாதங்களில் அதே மணலில் வெயில் காய்வோரின் நாற்காலிகள் விரிகின்றன. வயலில் முல்லைக்காரனும் போடியாரும் ஒரு களத்து நெல்லைப் பங்கிட்டனர் என்றால், இங்குப் பங்கிடப்படுவது ஒரு பருவம். ஆனால் அளப்பதற்கு மரக்கால் இல்லை.

ஐப்பசி பிறந்து வாடை திரும்பியதும் நாற்காலிகள் அடுக்கிவைக்கப்படுகின்றன. விடுதிகளிற் கட்டணம் குறைகின்றது. பருவத்துக்கென எடுக்கப்பட்ட பணியாளர் சிலர் நிறுத்தப்பட்டு மீண்டும் வயலுக்கோ கூலிக்கோ செல்கின்றனர். கரை அப்போது மீனவனுக்குத் தடையின்றிக் கிடைக்கின்றது. அவனது படகு தென்னையடி வரை ஏற்றிக் கட்டப்பட்டிருக்கும். கடல் அவனை உள்ளே விடும் மாதங்கள் அவையல்ல.